ஸ்பையரா, ஃப்ரீட்பெர்கா: இரண்டு யூத நீராடல் குளங்கள்

ஜெர்மனியில் இடைக்கால யூதர்களின் சடங்கு நீராடல் குளமான மிக்வேயை வழிகாட்டியுடன் பார்க்க விரும்புவோர், பெரும்பாலும் ஸ்பையர், ஃப்ரீட்பெர்க் ஆகிய இரண்டில் எதைத் தேர்வது என்று தயங்குகிறார்கள்.

1128-ஆம் ஆண்டின் ஆவணத்திலேயே குறிப்பிடப்படும் ஸ்பையர் மிக்வே, தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. 1104-இல் திறக்கப்பட்ட தொழுகைக்கூடத்தின் சுவர்களும் பெண்களுக்கான தொழுகைக்கூடமும் அதே வளாகத்தில் எஞ்சியிருப்பதால், ஒரு சமூகத்தின் அன்றாட வாழ்வையே வழிகாட்டி நம் கண்முன் விரித்துக் காட்ட முடிகிறது. 2021-இல் வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களின் யூதச் சின்னங்களோடு இதுவும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

ஃப்ரீட்பெர்க்கின் சிறப்பு அதன் ஆழமே. பாறைக் குன்றின் மேல் அமைந்த ஊர் என்பதாலும், மொண்டு ஊற்றிய நீர் சடங்குக்கு ஆகாது, நிலத்தடி நீர், மழைநீர் போல இயற்கையாகச் சேரும் நீரே வேண்டும் என்பதாலும், 1260-இல் நிலத்தடி நீரை எட்ட ஏறத்தாழ 25 மீட்டர் தோண்ட வேண்டியிருந்தது. சதுரக் கிணற்றின் நான்கு சுவர்களையும் ஒட்டிச் சுற்றிச் சுற்றி இறங்கும் 72 படிகள், அவற்றைத் தாங்கும் வளைவுகள், இலை வேலைப்பாடு கொண்ட தூண் தலைகள் ஆகியவற்றைக் கடந்து அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், மேலிருந்து விழும் வெளிச்சம் கல்லில் வழிந்து நீரைத் தொடும்போது மங்கிவிடுகிறது. அதிகப் படிகள் ஏறச் சிரமப்படுபவர்களுக்கு ஸ்பையரே ஓரளவு எளிது. முழங்கால் ஒத்துழைத்தால், நான் தயங்காமல் ஃப்ரீட்பெர்க்கையே பரிந்துரைப்பேன்.