நாணயச்சாலையின் அரத்தடம் என்று நம்பி வாங்கிய 1806 ஐந்து டாலர் தங்கக் காசு

காசின் அசல்தன்மையையும் நிலையையும் சோதித்துச் சான்றளிக்கும் தரநிர்ணய நிறுவனத்தின் உறையில் அடைக்கப்படாத பழைய அமெரிக்கத் தங்கக் காசை வணிகரின் வாய்ச்சொல்லை நம்பி வாங்க நினைப்பவர்கள், எனக்கு நேர்ந்ததை முதலில் படித்துவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். பால்டிமோரில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சியில், 'ஹாஃப் ஈகிள்' எனப்படும் ஐந்து டாலர் காசு ஒன்றை, 1806-ஆம் ஆண்டினது, 9,200 டாலருக்கு வாங்கினேன். விற்றவரின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை.

காசு போலியல்ல, அதனால்தான் ஏமாந்தேன். எடை 8.72 கிராம் காட்டியது. பிலடெல்பியா நாணயச்சாலை அந்நாளில் வைத்திருந்த அளவு 8.75 கிராம். அந்த ஆண்டுக் காசில் இரு வகைகள் உண்டு. ஆண்டில் உள்ள 6 என்ற எண் குமிழ் முனையோடு இருந்தால் முகப்பு உருவத்தின் இடப்புறமும் வலப்புறமும் விண்மீன்கள் ஏழும் ஆறுமாகவும், கூர்முனையோடு இருந்தால் எட்டும் ஐந்துமாகவும் பிரிந்திருக்கும். என் கையில் இருந்தது குமிழ் முனைக் காசு. விண்மீன்களையும் எண்ணிப் பார்த்துச் சரி என்று மகிழ்ந்தேன்.

ஆனால் கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில், விளிம்பையொட்டிச் சில இணைக்கோடுகள் தென்பட்டன. அவற்றைச் சுட்டிக் கேட்டபோது, அச்சிடுமுன் எடை கூடியிருந்த வெற்றுத் தகடுகளை நாணயச்சாலை ஊழியர்கள் அரத்தால் அராவிச் சரிசெய்த தடம் அது என்றும், அக்காலக் காசுகளுக்கு அதுவே அழகு என்றும் அவர் தயக்கமின்றிச் சொன்னார். அப்படி அராவும் வழக்கம் இருந்தது உண்மைதான். உண்மையான செய்தியைக் கொண்டே பொய்யை மூடினார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

தகட்டை அராவிய பிறகுதான் அச்சு விழும். எனவே நாணயச்சாலையின் அரத்தடம் எழுத்துக்கும் உருவத்துக்கும் அடியில் கிடக்கும். அச்சின் அழுத்தத்தில் பாதி நசுங்கியும் போயிருக்கும். என் காசிலோ கோடுகள் அருகிலிருந்த எழுத்தின் முகட்டையும் வெட்டிக்கொண்டு சென்றன. அதாவது அச்சு விழுந்து பல்லாண்டுகளுக்குப் பிறகு யாரோ அராவியிருக்கிறார்கள். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி அன்று என் சட்டைப்பையிலேயே இருந்தது; அதை எடுத்தேன், விண்மீன்களை எண்ணுவதற்கு மட்டும்.

தரநிர்ணயத்துக்கு அனுப்பிய காசு ஐந்து வாரங்களில் உறையில் அடைபட்டுத் திரும்பி வந்தது. அசல் என்று ஒப்புக்கொண்ட அறிக்கை, நகைக்காகப் பொருத்தியிருந்த வளையம் அகற்றப்பட்டுள்ளது என்று குறிப்பிட்டு, காசின் நிலையைக் காட்டும் எண் தரம் தர மறுத்துவிட்டது. சங்கிலியில் கோக்கக் காசில் பற்றுப்பொடி வைத்து ஊதி வளையத்தைப் பற்றவைத்திருக்கிறார்கள். பிறகு வளையத்தை எடுத்துவிட்டு, பற்றவைத்த தடத்தை அராவி, விளிம்பின் நுண்வரிகளைக் கருவியால் மீண்டும் கீறியிருக்கிறார்கள். காசின் இன்றைய மதிப்பு, நான் கொடுத்ததில் பாதிக்கும் குறைவு என்று இரண்டு வணிகர்கள் தனித்தனியே கூறினார்கள்.

விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஏழு நாட்களுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்றார். ரசீதில் "1806, ஐந்து டாலர் தங்கம், அசல்" என்பதைத் தவிர ஒரு சொல்லும் இல்லை. ஏறத்தாழப் புழங்காத காசு என்று அவர் வாயால் சொன்ன தரம் தாளில் ஏறவேயில்லை. இருநூறு டாலர் குறைப்பதாகச் சொன்னதால், கடன் அட்டையைத் தவிர்த்து வங்கி வழியாகப் பணம் அனுப்பியிருந்தேன். அட்டை நிறுவனத்திடம் முறையிடும் வழியும் அதோடு அடைபட்டது. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் மூலம் பேசிப் பார்க்கலாம் என்றால், அவர் அதில் உறுப்பினர் அல்லர்.

இந்தக் காசுகளில் இத்தகைய வேலை நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1834-ஆம் ஆண்டுச் சட்டம் தங்க அளவைக் குறைத்தபோது, அதற்கு முந்தைய காசுகள் முகமதிப்பைவிடக் கூடுதல் தங்கம் கொண்டவையாக இருந்ததால் ஏராளமாக உருக்கப்பட்டன. மிஞ்சியவை குறைவு, ஆகவே நகையாகக் கிடந்ததைக்கூடத் தேற்றி விற்றால் ஆதாயம் வருகிறது.

உறையை உடைத்துக் காசை வெளியே எடுத்து, அறிக்கையைப் பற்றி வாய் திறக்காமல் அடுத்த கண்காட்சியில் விற்றுவிடும்படி ஒரு நண்பர் யோசனை சொன்னார். என்னிடம் அது வந்து சேர்ந்ததும் அப்படித்தானோ என்னவோ. உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.