நாவல் கொட்டையா, சிறுகுறிஞ்சானா, வெந்தயமா: எலி ஆய்வில் எது உண்மையில் ஜெயிக்கிறது?

சர்க்கரைக்கென்று விற்கும் பொடிப் பொட்டலத்தில் ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று இருந்தால், அந்த ஆய்வு பெரும்பாலும் எலியில் நடந்ததாகத்தான் இருக்கும். எலி என்பதற்காக மட்டும் அதை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எலிக்கு நோய் எப்படி வரவழைக்கப்பட்டது என்று கேட்காமல் மூலிகைகளை ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். அதனால் முதலில் எலிகளையே ஒப்பிடுவோம்.

இதற்கு இரண்டு ரசாயனங்கள்தான் அதிகம் புழங்குகின்றன. அலாக்சான் மூத்தது. 1943இல் டன் குழுவினர் அதை முயல்களுக்குச் செலுத்தியபோது, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் செத்துப்போவதைக் கண்டார்கள். ஸ்ட்ரெப்டோசோடோசின் ஒரு மண் பாக்டீரியாவிடமிருந்து கிடைத்தது. அது சர்க்கரை நோயை உண்டாக்கும் என்பது 1963இல் தெரியவந்தது. அந்தத் திட்டுகளில் இன்சுலினைச் சுரப்பது பீட்டா செல். குளுக்கோஸ் நுழையும் அதே வாசல் வழியாகத்தான் இரண்டும் அதற்குள் போகின்றன. கொல்லும் விதம்தான் வேறு. ஸ்ட்ரெப்டோசோடோசின் முதன்மையாக டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது; அதைச் சரிசெய்யப் பார்த்தே செல் தன் ஆற்றலைத் தீர்த்துக்கொண்டு சாகிறது. அலாக்சானோ செல்லின் தற்காப்புப் பொருளான குளுட்டாதயோனுடன் வினைபுரிந்து, திரும்பத் திரும்ப உருமாறி, ஒவ்வொரு சுற்றிலும் செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் தனி உறுப்புகளை (ஃப்ரீ ராடிக்கல்) கக்குகிறது. பீட்டா செல்லில் அவற்றைச் சமாளிக்கும் கேட்டலேஸ் போன்ற நொதிகள் இயல்பிலேயே குறைவு.

சிக்கல் இங்கேதான். அலாக்சான் எலியில் நோயை உண்டாக்குவதே இந்தத் தனி உறுப்புகளின் தாக்குதல், அதாவது ஆக்சிஜனேற்ற அழுத்தம். அந்த எலிக்கு ஊசிக்கு முன்போ கூடவோ ஆக்சிஜனேற்றத் தடுப்பான் நிறைந்த எதைக் கொடுத்தாலும் பலன் தெரிய வாய்ப்புண்டு. அது விஷத்துக்கு முறிவு. சர்க்கரை நோய்க்கு மருந்து என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது. அலாக்சானுக்குச் சற்று முன்பு குளுக்கோஸை ஏற்றினால்கூட எலியின் பீட்டா செல்கள் தப்பிக்கின்றன! அதற்காகச் சர்க்கரையை மருந்தென்று யாரும் விற்பதில்லை. போதாக்குறைக்கு, மனித பீட்டா செல்கள் அலாக்சானை நன்றாகவே தாங்குகின்றன.

ஆக, இரண்டில் ஸ்ட்ரெப்டோசோடோசின் கொடுத்த எலியே மேலானது. அதைவிட மேல், 2005இல் மொஹாலியின் தேசிய மருந்தியல் கல்வி நிறுவனத்தார் விவரித்த முறை: எலிக்குக் கொழுப்புணவு கொடுத்து இன்சுலினுக்கு மசியாத நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு கிலோவுக்கு 35 மில்லிகிராம் என்ற சிறு அளவில் ஸ்ட்ரெப்டோசோடோசின். நம்மில் பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகை நோய்க்கு இதுதான் கொஞ்சமாவது நெருக்கம்.

சரி, மூலிகைகளுக்கு வருவோம். நாவல் கொட்டை பற்றி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் 1998இல் வெளியிட்ட ஆய்வு அலாக்சான் எலியில் நடந்தது. கொட்டையின் நீர்ச்சாற்றை ஆறு வாரம் கொடுத்தார்கள். ரத்தச் சர்க்கரை இறங்கியது. கொழுப்பு ஆக்சிஜனேற்றம் குறைந்தது. குளுட்டாதயோனும் தற்காப்பு நொதிகளும் ஏறின. கிளிபென்கிளமைடு மாத்திரையைவிட மேல் என்றும் முடிவு வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளிபென்கிளமைடு, மிச்சமிருக்கும் பீட்டா செல்களைச் சுரக்கவைக்கும் மருந்து. அந்தச் செல்களை அழித்துவிட்டு அதனோடு போட்டி வைப்பது, காலைக் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயம் நடத்துவது மாதிரி. அடுத்தது அளவு. எலியில் அதிகப் பலன் தந்த அளவு கிலோவுக்கு 5 கிராம். உடற்பரப்பை வைத்து மனிதருக்கு மாற்றும் வழக்கமான கணக்குப்படி, 60 கிலோ ஆளுக்கு இது தினம் 48 கிராம் சாறு. பொட்டலம் சொல்வது ஒரு தேக்கரண்டிப் பொடி. 2004இல் வெளியான பிரேசில் ஆய்வில் நாவல் இலைத் தேநீரை மனிதர்களிடம் முறையாகச் சோதித்தார்கள். கிளிபென்கிளமைடு சர்க்கரையைக் குறைத்தது, தேநீர் குறைக்கவில்லை. அது இலை, கொட்டையல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. சர்க்கரை இறங்கினாலே ஆக்சிஜனேற்ற அழுத்தமும் இறங்கும். எனவே நொதிகள் ஏறியது மூலிகையின் நேரடி வேலையா, சர்க்கரை குறைந்ததன் பின்விளைவா என்று பிரித்தறிய, இன்சுலின் மட்டும் போட்ட எலிக் கூட்டமும் ஆய்வில் வேண்டும். ஆய்வறிக்கையில் நான் முதலில் தேடுவது அதைத்தான். ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது மட்டுமே போதும் என்றால் வைட்டமின் ஈ எப்போதோ ஜெயித்திருக்கும். நீரிழிவுக்காரர்கள் பலர் உட்பட ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2000இல் வெளியான ‘ஹோப்’ ஆய்வில் அது மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைக்கவில்லை.

சிறுகுறிஞ்சான் ஒரு படி மேலே நிற்கிறது. 1990இல் சென்னைப் பல்கலைக்கழகக் குழு ஸ்ட்ரெப்டோசோடோசின் எலிகளில் திட்டுகள் மீண்டும் பெருகியிருக்கலாம் என்று எழுதியது. அதே ஆண்டில் மனித ஆய்வுகளையும் வெளியிட்டது. தினம் 400 மில்லிகிராம் இலைச்சாறு எடுத்த 22 இரண்டாம் வகை நோயாளிகளில் ஐந்து பேரால் மாத்திரையையே விட முடிந்தது. ஆனால் ஆள் குறைவு, அதோடு யாருக்கு எது என்று தெரியாமல் போலி மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வும் அல்ல.

என் ஓட்டு வெந்தயத்துக்கு. வேடிக்கை என்னவென்றால், ஆக்சிஜனேற்றக் கதைக்கு அது கடன்பட்டிருப்பது குறைவு. ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதிலும் எலிகள் அதற்கு நல்ல மதிப்பெண் போட்டிருக்கின்றன, சரி. ஆனால் மனிதரில் முக்கியமான வேலையைச் செய்வது அதன் கொழகொழப்பு நார்தான். குடலில் சர்க்கரை உறிஞ்சப்படுவதை அது மெதுவாக்குகிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 1990 ஆய்வில், முதல் வகை நோயாளிகளுக்கு வெறும் பத்து நாளில் சிறுநீரில் போகும் சர்க்கரை 54 சதவீதம் குறைந்தது. கொடுத்தது கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி, தினம் 100 கிராம். இரவு ஊறவைத்துக் காலையில் விழுங்கும் ஒரு தேக்கரண்டி சுமார் ஐந்து கிராம். அதில் அந்த 54 சதவீதத்தை எதிர்பார்க்க முடியாது. அதற்காக அளவைக் கூட்டப் போகிறவர் ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறார் என்றால், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். மருத்துவரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும்.