கடைந்த பூச்சாடிக்கு ஸ்பிரிட் சாயத்தூள்: நீலத்துக்காகவே வாங்கலாம்

மேப்பிள் மரத்தின் அலைரேகையும் தெரியவேண்டும், மரம் நல்ல நீலமாகவும் இருக்கவேண்டும் என்றால், மரத்துக்கு நிறமேற்றக் கடையில் கிடைக்கும் ஸ்டெயின் உதவாது. ஸ்டெயினில் இருப்பது நிறமித் துகள். அது மரத்தின் துளைகளிலும் உப்புத்தாள் கீறல்களிலும் போய் உட்கார்ந்து ரேகையை மூடிவிடும். சாயம் முழுக்கக் கரைந்து நாருக்குள் இறங்குகிறது, ரேகை அப்படியே நிற்கிறது. நான் பயன்படுத்துவது ஸ்பிரிட்டில், அதாவது ஆல்கஹாலில், கரையும் உலோகச் சேர்ம வகை (மூலக்கூறில் உலோக அணு கொண்ட) சாயத்தூள். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என நான்கு புட்டிகள் ஒரு பெட்டியில் வருகின்றன. பூச்சாடிகளுக்கும், வாய் சிறுத்து வயிறு பருத்த குடுவைகளுக்கும்தான் இதைப் போடுகிறேன்.

நீலம் அபாரம். முதலில் வெறும் மரத்தில் கறுப்பை நீர்க்கக் கலந்து பூசி, காய்ந்ததும் 320 உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். நார் வளைந்து மேலே முட்டும் இடங்கள் அதிகம் குடித்திருக்கும், அங்கே மட்டும் கறுப்பு தங்கும். அதன்மேல் நீலத்தைப் பூசினால் குடுவையைத் திருப்பத் திருப்ப அலைகள் இடம் மாறுகின்றன. சாயம் காய்ந்தவுடன் சுண்ணாம்புபோல வெளுத்து மந்தமாகத் தெரியும். அதைப் பார்த்து இன்னொரு கை பூசிவிடாதீர்கள். மேல்பூச்சு விழுந்ததும் நிறம் திரும்பி வந்துவிடும்.

மஞ்சளும் சுத்தமான நிறம். வயிற்றில் மஞ்சள் தொடங்கி, கழுத்துக்கும் அடிக்கும் போகப் போகச் சிவந்து இருளும் வேலைக்கு இதைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது. சிவப்பு நீர்த்தால் ரோஜா நிறத்துக்குச் சாய்கிறது, துளி மஞ்சள் சேர்த்தால் சரியாகும். கறுப்பில்தான் எனக்குத் திருப்தியில்லை. மெல்லிய பூச்சில் ஊதா எட்டிப் பார்க்கிறது. ஓக் போலத் துவர்ப்பு மிகுந்த மரமாக இருந்தால், காடியில் இரும்புக் கம்பளியை ஊறவைத்த நீர் இதைவிட ஆழமான கறுப்பைத் தரும்.

ஸ்பிரிட் என்பதால் நாரை அவ்வளவாக எழுப்பி மரத்தைச் சொரசொரப்பாக்காது. நீர்ச்சாயத்துக்குச் செய்வதுபோல முன்கூட்டியே நனைத்துத் தேய்க்கும் வேலை மிச்சம். ஆனால் சட்டென்று உலர்வதால் ஒரு பூச்சின்மேல் இன்னொன்று ஏறிய இடம் பட்டையாகத் தெரியும். உயரமான சாடிகளில் இது பெரிய தொல்லை. சாடியைக் கடையும் இயந்திரமான லேத்திலேயே விட்டு, மின்சாரத்தைத் துண்டித்துக் கையால் உருட்டிக்கொண்டே, சொட்டச் சொட்ட நனைந்த துணியால் கழுத்திலிருந்து அடிவரை நிற்காமல் பூசுங்கள். மோட்டாரை ஓடவிட்டுப் பூசக்கூடாது. சாயம் தெறிக்கும், ஸ்பிரிட் ஆவி பக்கத்தில் பொறி பறப்பதும் ஆபத்து. பட்டை விழுந்தாலும் வெறும் ஸ்பிரிட் தோய்ந்த துணியால் துடைத்தால் பெரும்பாலும் கலைந்துவிடும்.

மரத்தின் நீளவாக்கில் கடைந்த குடுவையில் வயிறு ரேகையோடு போகும், தோளும் அடியும் நாரின் குறுக்குவெட்டாக அமையும். அந்த இடங்கள் சாயத்தை உறிஞ்சி இருண்டுவிடும். எனக்கு அந்தத் தோள் இருட்டு பிடிக்கும், வடிவத்துக்கு ஒரு கனம் கொடுக்கிறது. பிடிக்காதவர்கள் அங்கே முதலில் வெறும் ஸ்பிரிட்டைத் தடவி, அது உலர்வதற்குள் சாயத்தைப் பூசினால் குறைவாக உறிஞ்சும்.

உளி பிய்த்த நார், தாள் மாற்றும்போது விட்டுப்போன கீறல், விரிசலுக்கு விட்ட சூப்பர் பசையின் கசிவு எல்லாவற்றையும் இந்தச் சாயம் காட்டிக்கொடுக்கும். பிய்ந்த இடம் கறுக்கும், பசை பட்ட இடம் வெள்ளையாகத் தங்கும். சாயத்துக்கு முன் வெறும் ஸ்பிரிட்டால் ஒருமுறை துடைத்துச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். குறை அத்தனையும் அப்போதே தெரிந்துவிடும், உளியை எடுக்க இன்னும் நேரமிருக்கும்.

மேல்பூச்சில் கவனம் வேண்டும். ஷெல்லாக்கை (ஆல்கஹாலில் கரைத்த அரக்கு) தூரிகையால் பூசினால் அதிலுள்ள ஆல்கஹால் சாயத்தை இழுத்துக்கொண்டு வரும். எண்ணெய்ப் பூச்சின் மஞ்சள் சாயலால் நீலம் பச்சையாகிவிடும். நிறமற்ற அக்ரிலிக் லாக்கரை மெல்லிய அடுக்குகளாகத் தெளிப்பதே பாதுகாப்பு. சாதாரண அனிலின் சாயங்களைவிட இந்த வகை வெயிலைத் தாங்கும் என்றாலும், ஜன்னலோரம் வைத்தால் இதுவும் வெளுக்கும்.

தயாரித்தவர்கள்மேல் எனக்கு இரண்டு வருத்தங்கள். நிறத்தின் பெயர் மூடியில் மட்டும்தான் இருக்கிறது, புட்டியில் இல்லை. நீலத்தூளும் கறுப்புத்தூளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், வாங்கியவுடன் நீங்களே சீட்டு ஒட்டிவிடுங்கள். காற்றில் பறக்கும் இவ்வளவு மெல்லிய தூளுக்கு முகக்கவசமும் கையுறையும் அவசியம் என்று குறிப்புத்தாளில் ஒரு வரிகூட இல்லாதது இன்னும் மோசம். இதை அவர்கள் உடனே திருத்தவேண்டும்.

மஞ்சளும் நீலமும் தீர்ந்தால் மறுபடி வாங்குவேன். கறுப்பை மட்டும் வேறு இடத்தில் தேடுவேன்.