வட்டம், முக்கோணம், அறுகோணம்: ஏழு வருடம் கூடவே வாழ்ந்த பிறகு

வீட்டையும் தோட்டத்தையும் வடிவியல் உருவங்களை வைத்து அமைத்து ஏழு வருடம் ஆகிறது. தோட்டத்தில் வட்டமான ஒரு கல்தளம், ஒரு முக்கோணப் பாத்தி, ஒரு நடைபாதை, நாலு படி. உள்ளே அறுகோண அலமாரிகள், ஒரு சுவர் முழுக்க முக்கோண வண்ணங்கள், கூடத்தில் மூலைவாட்டில் பதித்த டைல்ஸ். வேலை முடிந்த முதல் மாதமே எழுதியிருந்தால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பாராட்டியிருப்பேன். இன்றைக்கு அப்படி எழுத முடியாது. சில உருவங்கள் வருடத்துக்கு வருடம் எனக்கு நெருக்கமாகிவிட்டன. சிலவற்றை எடுத்துவிட்டேன். ஒன்றை இந்த வாரம்தான் எடுக்கிறேன்.

எது நின்றது, எது நிற்கவில்லை என்று யோசித்தால் எனக்கு ஒரு காரணம்தான் தெரிகிறது. வரைபடத்தை நாம் மேலிருந்து பார்க்கிறோம். ஆனால் தோட்டத்தில் கண் இருப்பது தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில். கண்ணுக்கும் காலுக்கும் பொருந்திய உருவங்கள் தங்கிவிட்டன. காகிதத்தில் மட்டும் அழகாக இருந்தவை தங்கவில்லை.

வட்டத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில்தான் எனக்கு முழு திருப்தி. முதலில் போட்டிருந்தது 4 மீட்டர் பக்கமுள்ள சதுரத் தளம். அதன் ஓரத்துக்கு 16 மீட்டர் விளிம்புக் கல் தேவை, பரப்பு 16 சதுர மீட்டர். அதே 16 மீட்டர் விளிம்பை வட்டமாக வளைத்தால் ஆரம் 2.55 மீட்டர், பரப்பு 20.4 சதுர மீட்டர். ஓரக் கல் ஒன்றுகூட அதிகமில்லாமல் நாலு சதுர மீட்டருக்கு மேல் இடம் கிடைக்கிறது. ஒரே சுற்றளவில் அதிகப் பரப்பை அடைப்பது வட்டம்தான் என்று பள்ளியில் படித்தது, முளையும் கயிறுமாக மண்ணில் சுற்றி வந்தபோதுதான் கைக்குப் புரிந்தது.

கல் பதிப்பதில்தான் வட்டம் வேலை வாங்கும். 10 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளமுள்ள செவ்வகப் பேவர் கற்களை மையத்தைப் பார்த்த மாதிரி வைத்தால், உள்பக்கம் 3 மி.மீ. இடைவெளியோடு நெருங்கி நிற்கும், வெளிப்பக்கம் விரியும். வெளி வளையத்தில் அந்த விரிசல் 1.2 செ.மீ. அளவுதான், மணல் நிரப்பிவிடலாம். மையத்திலிருந்து 60 செ.மீ. தூரத்தில் அதே கல்லை வைத்தால் 3.7 செ.மீ. வாயைத் திறந்துகொண்டு நிற்கும். எங்கள் கொத்தனார் கணக்கெல்லாம் போடவில்லை. நாலு கல்லை அங்கே அடுக்கிக் காட்டி, "சார், நடுவுல கல் வேணாம், ஒரே வார்ப்பா போட்டுடலாம்" என்றார். நடுவில் 1 மீட்டர் ஆரத்துக்கு கான்கிரீட், அதைச் சுற்றித்தான் கல் வளையங்கள். ஏழு வருடத்தில் உள் வளையக் கற்கள் மூன்றைத் தவிர எதுவும் ஆடவில்லை. வட்டத் தளம் போடுகிறவர்கள் சின்ன ஆரத்தில் செவ்வகக் கல்லை வைக்காதீர்கள். ஆப்பு வடிவக் கல் கிடைத்தால் அதை வாங்குங்கள், கிடைக்காவிட்டால் வார்ப்பு.

வாட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 80-க்கு 1 என்று ஒரே பக்கமாகச் சரித்தோம். 5.1 மீட்டர் விட்டத்துக்கு ஒரு ஓரம் இன்னொன்றைவிட 6.4 செ.மீ. தாழ்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். இதுவரை தண்ணீர் தேங்கியதில்லை.

அந்தத் தளத்தின் நடுவில் 1.2 மீட்டர் விட்டமுள்ள வட்ட மேசை. ஒருவருக்கு 60 செ.மீ. விளிம்பு என்று கணக்கு வைத்தால் ஆறு பேர் உட்காரலாம். மூன்றாவது வருடம் அம்மா சக்கர நாற்காலிக்கு மாறினார். சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள இடம் வேண்டும். மேசையைச் சுற்றி எந்தப் பக்கமும் 1.95 மீட்டர் இருக்கிறது. நாற்காலிகளை உள்ளே தள்ளிவிட்டால் அம்மா எங்கே வேண்டுமானாலும் திரும்பிக்கொள்வார். முட்டிக்கொள்ள மூலை கிடையாது. இதை நினைத்து நாங்கள் வட்டம் போடவில்லை. ஆனால் அவர் யாரையும் கூப்பிடாமல் தானே ஒரு சுற்று வந்து நிழல் இருக்கும் பக்கம் போய் நிற்பதைப் பார்க்கும்போது, இந்த வீட்டில் நான் செய்த மிக நல்ல காரியம் இந்த வட்டம் என்று தோன்றும்.

அடுத்தது முக்கோணப் பாத்தி. இங்கேதான் மனது வலிக்கிறது.

பிரான்ஸின் ஹியேர் நகரத்தில், வில்லா நொவாய் என்ற வீட்டுக்கு 1920-களில் காப்ரியல் கெவ்ரெகியான் அமைத்த முக்கோணத் தோட்டத்தைப் படங்களில் பார்த்துவிட்டு அதன்மேல் ஆசை வந்தது. இரண்டு சுவர்கள் ஒரு முனையில் போய்ச் சேர, நடுவில் வண்ண ஓடுகளும் பாத்திகளும். நான் பார்த்த படங்கள் உயரத்திலிருந்து எடுத்தவை. என் பாத்திக்கு உயரம் கிடையாது, ஜன்னல்தான். ஜன்னலில் நின்று எட்டு மீட்டர் தள்ளியிருக்கும் வட்டத்தைப் பார்த்தால், அதன் உயரம் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் தெரியும். இருந்தாலும் அமுங்கிய வட்டத்தை மூளை வட்டமாகவே எடுத்துக்கொள்கிறது. முக்கோணத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அமுங்கினால் அது வெறும் கோடு, அதன்மேல் கொஞ்சம் செடி. வீட்டுக்கு வருகிறவர்களில் ஒருவர்கூட அதை முக்கோணம் என்று சொன்னதில்லை.

செடிகளுக்கும் அது நல்ல வீடாக இல்லை. கூர்முனையின் கோணம் 30 டிகிரி. முனையிலிருந்து அரை மீட்டர் உள்ளே வந்தாலும் மண்ணின் அகலம் 27 செ.மீ.தான். இரண்டு பக்கமும் கல், கல்லின் சூடு, வேருக்குப் போக வழியில்லை. தண்ணீர் ஊற்றிய மறுநாளே முனை வறண்டு கிடக்கும், நடுப்பகுதி ஈரமாக இருக்கும். முனையைச் சுற்றிச் சீவி வைத்த ஒல்லிக் கற்கள் இரண்டாவது வருடமே உடைந்தன. புல்வெட்டும் இயந்திரமும் அந்தச் சந்துக்குள் நுழையாது, கத்தரிக்கோலோடு குனிய வேண்டும். முனையில் 60 செ.மீ. வெட்டிவிட்டு ஜல்லி நிரப்பினோம், கொஞ்சம் தேவலை. 45 டிகிரிக்குக் குறைவான மூலையை மண்ணிலும் வைக்காதீர்கள், கல்லிலும் வைக்காதீர்கள். இதை அழுத்தித்தான் சொல்கிறேன்.

நடைபாதையில் தப்பு சீக்கிரமே தெரிந்துவிட்டது, திருத்தவும் முடிந்தது. கதவிலிருந்து 3 மீட்டர் நேராகப் போய், செங்கோணத்தில் திரும்பி 4 மீட்டர் போனால் கல்தளம். படத்தில் கம்பீரமாக இருந்தது. ஆனால் 7 மீட்டர் நடப்பதற்குப் பதில் குறுக்கே 5 மீட்டரில் போகலாம் என்று கால்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலே மாதத்தில் புல்லில் ஒரு தடம் விழுந்தது. அந்தத் தடத்தை மதித்துப் பாதையை மாற்றினோம். நேர்க்கோடாகப் போடாமல் நடுவில் அரை மீட்டர் வெளியே தள்ளிய வில்லாகப் போட்டோம். நாண் 5 மீட்டர், நடு உயரம் அரை மீட்டர் என்றால் ஆரம் 6.5 மீட்டர் வரும். அதன் மையம் வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது, கயிறு கட்டிச் சுற்ற வழியில்லை. அதனால் நாணை நாலாகப் பிரித்து, நடுவில் 50 செ.மீ., இரண்டு பக்கக் கால் புள்ளிகளிலும் 38 செ.மீ. அளந்து முளை அடித்து, வளையும் பிளாஸ்டிக் குழாயை அவற்றை ஒட்டிப் படுக்க வைத்தோம். வில் தானாக வந்துவிட்டது. இந்த வளைவால் நடை கூடியது வெறும் 13 செ.மீ. அதற்குக் கிடைத்தது, ஒவ்வொரு அடியிலும் பார்வை கொஞ்சம் திரும்பிக்கொண்டே போகும் ஒரு நடை. குறுக்கே யாரும் போவதில்லை.

படிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படியின் உயரத்தை இரட்டித்து மிதிக்கும் அகலத்தைக் கூட்டினால் 60-லிருந்து 65 செ.மீ.க்குள் வர வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோண்டெல் மனித நடையின் நீளத்தை வைத்துச் சொன்ன விதியிலிருந்து வந்தது இது. எங்களுடையது 13 உயரம், 37 அகலம், மொத்தம் 63. அருமையாக இருந்தது. அப்புறம் கீழே தரைக் கல்லை மாற்றியபோது தரை 2 செ.மீ. உயர்ந்து, கடைசிப் படி 11 ஆகிவிட்டது. அந்த ஒரு படியில் எல்லோருக்கும் கால் தடுமாறியது. தரையை மறுபடி இறக்கிய பிறகுதான் சரியானது.

இனி வீட்டுக்குள். அறுகோண அலமாரிகள் இப்போது சுவரில் இல்லை. பக்கம் 20 செ.மீ. உள்ள அறுகோணத்தில் பொருள் நேராக நிற்கும் அடித்தளம் 20 செ.மீ.தான். இரண்டு பக்கச் சரிவுகளிலும் புத்தகம் சாயும், தூசி சேரும். அடித்தளத்துக்கு நேர் மேலே இருக்கும் செவ்வகம் மொத்தப் பரப்பில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு. மீதி ஒரு பங்கு அழகுக்கு. சின்னத் தொட்டிச் செடி வைக்கிறவர்களுக்கு அது போதும். எங்கள் வீட்டில் புத்தகங்கள் அதிகம், போதவில்லை.

அதே அறுகோணம் குளியலறைத் தரையில் சின்ன ஓடுகளாக இருக்கிறது, அங்கே அது ராஜா. இடுக்குகள் நிறைய இருப்பதால் ஈரத்திலும் கால் பிடிக்கிறது. எந்தக் கோடும் நேராக ஓடாததால் சுவர் கொஞ்சம் கோணலாக இருப்பதும் தெரிவதில்லை. எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமான ஒரே ஒழுங்கு உருவத்தை முனையோடு முனை சேர்த்துத் தரையை நிரப்ப முடிவது முக்கோணம், சதுரம், அறுகோணம் மூன்றால் மட்டும்தான். ஒழுங்கு ஐங்கோணத்தால் முடியாது. ஒழுங்கில்லாத ஐங்கோணங்களால் முடியும். மார்ஜோரி ரைஸ் என்ற இல்லத்தரசி, உயர் கணிதம் படிக்காதவர், 1970-களில் அப்படிப்பட்ட நாலு வகைகளைத் தானே கண்டுபிடித்தார். குவி ஐங்கோணங்களில், அதாவது எந்த மூலையும் உள்நோக்கி மடங்காதவற்றில், தரையை நிரப்புபவை மொத்தம் 15 வகைதான் என்று 2017-இல் கணித ஆய்வாளர் மிக்கேல் ராவ் கணினி உதவியோடு காட்டினார். வீட்டிலிருந்தே ஒருவர் இந்த வரலாற்றில் இடம் பிடித்தார் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் உற்சாகம் தரும் செய்தி.

டேவிட் ஸ்மித் கண்டுபிடித்த 13 பக்கத் 'தொப்பி' உருவம் 2023-இல் வெளிவந்தபோது அட்டையில் வெட்டி வெட்டித் தரை முழுக்கப் பரப்பிப் பார்த்தோம். எவ்வளவு தூரம் பரப்பினாலும் அமைப்பு சீராகத் திரும்ப வராது. தரையில் பதிக்கலாம் என்று ஆசைப்பட்டேன். ஆனால் அதில் சில துண்டுகள் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பி வைக்கப்பட வேண்டும். அட்டையைத் திருப்பலாம், ஒரு பக்கம் மட்டும் மெருகிட்ட ஓட்டைத் திருப்ப முடியாது. இரண்டு அச்சு வேண்டும். அதனால் இப்போதைக்கு அது அட்டையாகவே இருக்கிறது.

கூடத்து டைல்ஸை மூலைவாட்டில் பதித்ததில் எனக்கு வருத்தமே இல்லை. நேராகப் பதித்தால் வெட்டில் வீணாவதற்கு 10 சதவீதம் கூடுதலாக வாங்கச் சொல்வார்கள், மூலைவாட்டுக்கு 15. அந்தச் செலவுக்கு ஒரு காரணம் இருந்தது. பதிப்பதற்கு முன்னால் 3, 4, 5 மீட்டர் கணக்கில் மூலை மட்டம் பார்த்தோம். ஒரு சுவர் 4 செ.மீ. விலகியிருந்தது. நேர் வரிசையில் அந்த விலகல் சுவரோரம் பட்டையாக வெளிப்பட்டிருக்கும். மூலைவாட்டில் ஓரத்துக்கு வருவது எப்படியும் முக்கோணத் துண்டுகள், கண் அதைக் கண்டுபிடிப்பதில்லை.

சுவரில் அடித்த முக்கோண வண்ணங்கள் மூன்று வருடத்தில் சலித்துவிட்டன. வேலை சுத்தமாக வந்திருந்தது. மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் ஓரத்தில் முதலில் அடி நிறத்தையே ஒரு கை பூசி, காய்ந்த பிறகு புது நிறம் அடித்தோம்; கோடு கத்தியால் வெட்டியது போல இருந்தது. ஆனால் படுக்கையில் சாய்ந்தால் அத்தனை முனைகளும் என்னையே பார்க்கும். இப்போது ஒரே நிறம். நன்றாகத் தூங்குகிறோம்.

சரி, முக்கோணப் பாத்தியின் இடத்தில் இப்போது வருவது நீள்வட்டம். பிரெஞ்சுத் தோட்டக் கலைஞர் ஆந்த்ரே லெ நோத்ர், 1661 வாக்கில் பிரான்ஸின் வோ-ல-விகோந்த் மாளிகைத் தோட்டத்தை அமைத்தபோது, தூரம் போகப் போக உருவங்கள் குறுகித் தெரியும் என்பதைக் கணக்கில் எடுத்து, தொலைவில் இருந்த நீர்த்தடாகங்களை அருகில் இருந்தவற்றைவிட நீளமாக்கினார். அதே யோசனையைச் சின்ன அளவில் செய்து பார்க்கிறேன். நீள்வட்டத்தின் நீண்ட அச்சை ஜன்னலிலிருந்து பார்வை போகும் திசையிலேயே வைக்கிறேன், அமுங்குவதை அந்த நீளம் ஈடுகட்டும். இரண்டு முளை அடித்து, அவற்றைச் சுற்றிப் போட்ட கயிற்று வளையத்தை ஒரு குச்சியால் இறுக்கி இழுத்தபடி சுற்றி வந்தால் நீள்வட்டம் விழும். நீளம் 4 மீட்டர், அகலம் 2.4 மீட்டர் என்றால் முளைகளுக்கு நடுவே 3.2 மீட்டர், முடிச்சுப் போட்ட கயிற்று வளையம் 7.2 மீட்டர்.

நேற்று சாயங்காலம் மகளும் நானும் மணலால் கோடு போட்டோம். அவள் உள்ளே ஓடிப்போய் ஜன்னலில் நின்று, "இன்னும் கொஞ்சம் நீட்டுங்கப்பா" என்று கத்தினாள். ஒரு முளையை 40 செ.மீ. தள்ளி அடித்தோம், கயிற்றை 73 செ.மீ. நீட்டிக் கட்டினோம். அகலம் அதே 2.4, நீளம் 4.33 ஆனது. மறுபடி ஜன்னலுக்குப் போனாள். இந்த முறை அம்மாவின் நாற்காலியையும் ஜன்னலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள், அவருடைய உயரத்திலிருந்தும் பார்க்க வேண்டும் என்று.