மதர்போர்டு போய்விட்டது என்று சொன்னால் உடனே பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் இருப்பவர்கள் கம்ப்யூட்டரை ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரே மாதத்தில் என்னிடம் 9,200 ரூபாய் வாங்கினார்கள். இருந்த பழுதைச் சரிசெய்ய ஆன செலவு 180 ரூபாய்.

பர்கூரில் சில ஜவுளிக் கடைகளுக்கு வீட்டிலிருந்தே டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் கணக்கு எழுதுகிறேன். மாதம் பிறந்தால் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு ரிட்டர்ன் போட்டாக வேண்டும். அதனால் கம்ப்யூட்டர் ஒரு நாள் படுத்தாலும் எனக்குச் சோறு இறங்காது. 2019ல் வாங்கிய, ஐ3 பிராசஸர் (கம்ப்யூட்டரின் மூளை) போட்ட கம்ப்யூட்டர் அது. வீடு ரோட்டை ஒட்டி இருக்கிறது, கிரானைட் லோடு லாரி நாள் முழுக்கப் போகும். கம்ப்யூட்டர் இருப்பது கூரைக்குச் சீட் போட்ட அறையில்.

போன மே மாதம் ஆரம்பித்தது. போட்டு இருபது நிமிடம் நன்றாக ஓடும். பிறகு ஃபேன் சத்தம் ஏறும், டேலி நகராமல் திணறும், பட்டென்று அணைந்துவிடும். உடனே மறுபடி போட்டால் இரண்டு நிமிடம்கூட நிற்காது. அரை மணி நேரம் விட்டுவிட்டுப் போட்டால் பழையபடி ஓடும். காலையில் அதிக நேரம் தாங்கும், மதியம் தாங்காது. சூடு ஏறுகிறது என்று அது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது. எனக்குத்தான் அப்போது புரியவில்லை.

கிருஷ்ணகிரியில் ஒரு கடைக்குக் கொண்டு போனோம். கடைப் பையன் கேபினட்டை, அதாவது கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டியை, திறக்கவே இல்லை. சுவிட்சை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, “மதர்போர்டு போயிடுச்சுக்கா, 6,800 ஆகும், சர்வீஸ் 500” என்றான். எல்லாப் பாகங்களும் வந்து சேரும் முக்கியப் பலகை அது. ரிட்டர்ன் தேதி தலைக்கு மேல் நிற்கிறது. சரி, மாற்றிக் கொடு தம்பி என்றேன். இரண்டு நாளில் கொடுத்தார்கள். ஏசி போட்ட கடையில் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினார்கள், நன்றாகத்தான் ஓடியது. பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பழைய போர்டு எங்கே என்றேன். எக்ஸ்சேஞ்சில் கம்பெனிக்குப் போய்விட்டதாம்.

பத்து நாளில் அதே கதை. மறுபடி போனதும் எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே கரண்ட் கொடுக்கும் பாகம், போய்விட்டது என்றார்கள், 1,900. அதற்கும் துண்டுச் சீட்டுதான். மூன்றாவது முறை போனபோது, “பிராசஸரே போச்சு, இதை 3,000க்கு எடுத்துக்கிறோம், புதுசா 32,000க்கு ஒண்ணு வாங்கிக்குங்க” என்றார்கள். அப்போதுதான் என் வீட்டுக்காரர் சிபியூவைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஓசூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் சித்தி மகன் ஜூன் முதல் ஞாயிறு வந்தான். முதலில் கேபினட்டைக்கூடத் தொடவில்லை. போட்டவுடனே டெலிட் பட்டனைத் தட்டி, விண்டோஸ் வரும் முன்பே திறக்கும் பயாஸ் செட்டிங்குக்குள் போய், ஹார்டுவேர் மானிட்டர் பக்கத்தை எடுத்தான். அங்கே பிராசஸர் சூடு டிகிரியில் தெரிகிறது. 84 காட்டியது. சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே 88, 91 என்று ஏறியது. வேலை எதுவும் செய்யாத நேரத்தில் அது நாற்பது, ஐம்பதில் இருக்க வேண்டுமாம். இந்த பிராசஸருக்கு 100 டிகிரிதான் எல்லை. கிட்டே போனதும் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் தாண்டினால் கருகாமல் இருக்கத் தானே அணைந்துவிடும். அணைந்துபோவது அது தன்னைக் காப்பாற்றிக்கொள்வது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்துத் தகட்டைக் கழற்றினான். பிராசஸர் மேல் இருக்கும் ஃபேனைத் தூக்கியதும் அடியில் சூட்டை வெளியே இழுக்கும் அலுமினியத் தகடுகளே கண்ணுக்குத் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு விரித்த மாதிரி தூசி. விரலால் நெம்பினால் ஒரே பாளமாக உரிந்து வந்தது, அதன் அடிப்பக்கத்தில் தகடுகளின் கோடுகள் வரிவரியாகப் பதிந்திருந்தன. காற்று எப்படி உள்ளே போகும்? அந்த அலுமினியத்துக்கும் பிராசஸருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட், காய்ந்த விபூதியாக உதிர்ந்தது.

“அக்கா, போர்டை மாத்தினதாவா சொன்னாங்க?” என்றான். போர்டை மாற்ற வேண்டுமென்றால் இந்த ஃபேனைக் கழற்றாமல் முடியாது. கழற்றியிருந்தால் தூசி இப்படிக் கலையாமல் இருக்குமா, பேஸ்ட் பழையதாக இருக்குமா? எனக்குக் கை நடுங்கியது. 2019ல் வாங்கியபோது வந்த மதர்போர்டு அட்டைப்பெட்டி பரணில் இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த சீரியல் நம்பரையும் உள்ளே இருந்த போர்டின் நம்பரையும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்தோம். ஒரே நம்பர். 7,300 வாங்கிக்கொண்டு போர்டைத் தொடக்கூட இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், அதுவும் எங்கோ கழற்றிய பழையது. ஊதினால் தூசி பறந்தது.

பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, மீதியை ஊதி எடுத்தான். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளச் சொன்னான், காற்று வேகத்தில் கட்டுப்பாடில்லாமல் சுற்றினால் ஃபேன் கெட்டுப்போகுமாம். பழைய பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து ஃபேனை மாட்டினான். அந்த டியூப்தான் 180 ரூபாய். மறுபடி பயாஸில் பார்த்தால் 46. அன்றைக்கு மதியம் அந்தச் சீட் அறையிலேயே மூன்று மணி நேரம் டேலி ஓட்டினேன், அணையவில்லை.

கம்ப்யூட்டர் தானாக அணைந்தால் எல்லாமே சூடுதான் என்று நான் சொல்ல வரவில்லை. எஸ்எம்பிஎஸ் போனாலும் அணையும், போர்டும் நிஜமாகவே போகும். ஆனால் பயாஸில் அந்த ஒரு எண்ணைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கடைக்கே கொண்டு போவதானாலும், வீட்டிலேயே தகட்டைத் திறந்து போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க், எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றின் ஸ்டிக்கரையும் நம்பர் தெரியும்படி போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பில் கேளுங்கள், அதில் புதுப் பாகத்தின் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். பில்லில் இருக்கும் நம்பரையும் உள்ளே இருக்கும் பாகத்தின் நம்பரையும் ஒப்பிட்டால், மாற்றினார்களா இல்லையா என்று தெரிந்துவிடும்.

மறுநாள் அட்டைப்பெட்டியோடு கடைக்குப் போனோம். முதலில் சத்தம் போட்டார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு நம்பரையும் கடையில் இருந்த மற்றவர்கள் காதில் விழும்படி படித்தார். உடனே முதலாளி உள்ளே கூப்பிட்டு, பையன் செய்த தப்பு என்று சொல்லி 5,000 கொடுத்தார். மீதிக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார். இரண்டு முறை போய்விட்டு வந்தோம், ஆள் இல்லை என்கிறார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன், துண்டுச் சீட்டுகளையும் நம்பர் படங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இன்னும் 4,200 ரூபாய் வர வேண்டும். அவர்கள் கழற்றி வைத்துக்கொண்ட என் எஸ்எம்பிஎஸ்ஸும் வர வேண்டும்.