விசுவமடுவில் எட்டு மாதம் ஓடிய ஆண்ட்ராய்ட் பொக்ஸ்

போன கார்த்திகை மழையில் எங்கள் டிஷ் மூன்று நாளாக 'சிக்னல் இல்லை' என்றே காட்டிக்கொண்டிருந்தது. நாலாம் நாள் மாமி, "உந்தச் சட்டியைக் கழற்றிக் கோழியளுக்குத் தண்ணி வை பிள்ளை" என்றார். மாதக் காசு கட்டியாயிற்று, நாடகம் மட்டும் இல்லை. கோபம் நியாயம்தான். அந்தச் சனிக்கிழமை தையல் வேலையைப் போட்டுவிட்டுக் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினேன்.

கடைத் தம்பி இரண்டு ஆண்ட்ராய்ட் பொக்ஸ் காட்டினார், ரீவியில் பூட்டி இணையத்தால் படம் பார்க்கிற பெட்டி. ஒன்று 8,500 ரூபாய், மற்றது 16,000. மலிந்ததன் அட்டையில்தான் எழுத்து பெரிசு, மிகத் தெளிவான படம் என்று காட்ட '8கே' என்று வேறு போட்டிருந்தது. ஏமாறாதீர்கள். கூகுள், நெட்ஃபிளிக்ஸ் அத்தாட்சி இல்லாத பெட்டியில் நெட்ஃபிளிக்ஸ் ஓடினாலும் படம் 480 வரிக்கு மேல் தெளியாது. பெரிய திரையில் முகமெல்லாம் கஞ்சி மாதிரித் தெரியும். இப்படியான சில மலிவுப் பெட்டிகளில் கள்ள மென்பொருள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்ததும் 2023இல் வெளியே வந்தது. நான் 16,000 கொடுத்தேன். மனம் கொஞ்சம் எரிந்தது.

பூட்டுவது சுகம். எச்.டி.எம்.ஐ வயரைக் குத்தி, வைஃபையைக் கொடுத்தால் சரி. ரிமோட்டில் பேசித் தேடலாம் என்றார்கள். மாமி பேசினால் பத்தில் ஆறு தரம் விளங்குகிறது, மிச்சம் நாலு தரமும் மாமி அதற்குப் பேச்சுக் கொடுக்கிறார்.

டேட்டாதான் தலையிடி. நெட்ஃபிளிக்ஸ் கணக்கிலேயே சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி, எச்.டி என்றால் 3 ஜிபி வரை போகும். எங்கள் வீட்டில் 4ஜி ரவுட்டர். முதல் மாதம் 19ஆம் திகதியே பக்கேஜ் முடிந்து, படம் நடுவில் நின்றது. அப்போது மாமி சொன்ன ஒரு வார்த்தை: "மண்ணெண்ணெய் முடிஞ்சுதோ?"

வன்னிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது. தொண்ணூறுகளில் எங்களுக்குக் கரண்ட் இல்லை. ரீவியும் டெக்கும் (வீடியோ கசெட் போடுகிற பெட்டி) ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து, பெற்றோல் துளி விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். ஐந்து வீட்டுக்காரர் காசு போட்டு, எந்தப் படம் என்று சண்டை பிடித்து, முற்றத்தில் பாய் விரித்துப் பார்ப்போம். எண்ணெய் முடிந்தால் கதாநாயகியின் கல்யாணம் அடுத்த கிழமைதான். நாங்களே படத்தைத் தெரிந்தெடுத்து, நாங்களே எண்ணெய் விட்டுப் பார்த்த ரீவி அது. பிறகு கரண்ட் வந்தது, டிஷ் வந்தது, அவர்கள் எட்டரைக்குப் போட்டதை எட்டரைக்கே இருந்து பார்க்கப் பழகினோம். என் கணக்கில் இந்தப் பொக்ஸ் பழைய டெக்தான். எண்ணெய்க்குப் பதில் ஜிபி. ஐந்து வீட்டுச் சண்டை மட்டும் இல்லை.

மகன் ஓ.எல் பரீட்சைக்கு ஊடகப் பாடம் படிக்கிறான். அவன் சொன்னான், கேபிள் ரீவியே அமெரிக்க மலை ஊர்களில் 1940களின் கடைசியில், சிக்னல் எட்டாத சனத்துக்குப் பொது அன்டெனா ஒன்றிலிருந்து வயர் இழுத்துத் தொடங்கியதாம். அங்கேயும் ஊர் சேர்ந்துதான் பார்த்திருக்கிறது! பிறகு 2013இல் நெட்ஃபிளிக்ஸ் தன் தொடரொன்றின் 13 பாகங்களையும் ஒரே நாளில் இறக்கிவிட்டது. வெள்ளிக்கிழமை ஆளைத் தவிக்கவிட்டுத் திங்கட்கிழமை வரை இழுக்கிற நாடகக்காரருக்கு இது பெரிய அடி. மாமி இப்போது நேற்றைய பாகத்தை இன்று காலை பத்து மணிக்கு, கீரை ஆய்ந்தபடி பார்க்கிறார். அழுகிற இடத்தை ஓட்டிவிடுகிறார். அழுகை போனால் அரை மணி நாடகம் பதினொரு நிமிடம்தான்.

இவருக்குக் கிரிக்கெட் போதும். கச்சான் தோட்டத்தால் வந்தால் அதுதான். 2023 முதல் 2027 வரையான ஐபிஎல் உரிமை இந்தியத் துணைக்கண்டத்துத் தொலைக்காட்சிக்கு 23,575 கோடி இந்திய ரூபாய்க்கும், இந்திய இணையத்துக்கு 20,500 கோடிக்கும் 2022இல் ஏலம் போனது. இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக வந்துவிட்டன. ஆனால் எங்கள் வீட்டில் நேரடி ஆட்டத்துக்குப் பொக்ஸ் சரிப்படாது. அரை நிமிடம் பிந்தித்தான் வருகிறது. டிஷ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் "ஐயோ" என்று கத்திய பிறகுதான் இங்கே விக்கெட் விழும். இவர் அந்தச் சுவர்ப்பக்க யன்னலைச் சாத்திவிட்டுப் பார்க்கிறார்.

டிஷ் மாதிரிப் பொக்ஸ் மழைக்கு நிற்காது என்பதும் முழு உண்மையில்லை. கரண்ட் கனநேரம் போனால் ஃபோன் ரவரும் படுத்துவிடும். நல்ல டேட்டா பக்கேஜ் இல்லாதவர்கள், கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்கள் வாங்க வேண்டாம். மற்றவர்கள் அத்தாட்சியைப் பார்த்து வாங்கலாம்; ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

டிஷ்ஷுக்கு நாங்கள் காசு கட்டுவதில்லை. கழற்றவும் முடியவில்லை, கம்பியில் மாமி பாவல் ஏற்றிவிட்டார். போன கிழமை ஒரு கிலோ ஆய்ந்தோம்.