தேய்க்க எட்டாத சுவருக்கு எந்தக் கரைசல்?

வட கரோலினாவின் ராலி, கேரி, மோரிஸ்வில் பகுதிகளில் வீட்டு உரிமையாளர் சங்கக் கூட்டத்துக்குப் போகிற எவருக்கும் இந்த விவாதம் பழக்கமானது. வினைல் சைடிங் (வெளிச்சுவரைப் போர்த்தும் பிளாஸ்டிக் பலகைகள்) போட்ட, வடக்குப் பார்த்த சுவரெல்லாம் பச்சை படர்ந்திருக்கும். கழுவ வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போவார்கள். எதைக் கொண்டு கழுவுவது என்ற கேள்வி வந்ததும் கூட்டம் பிரிந்துவிடும். வினிகர் போதும் என்பார் ஒருவர். ஆக்சிஜன் பிளீச்தான் செடிக்கு நல்லது என்பார் இன்னொருவர். ஒப்பந்தக்காரரோ குளோரின் பிளீச் இல்லாமல் விலைப்புள்ளியே தரமாட்டார்.

மூவர் சொல்வதும் அவரவர் அளவில் சரிதான். ஆனால் தனி வீட்டின் சுவருக்கும் மூன்று மாடி அடுக்ககத்தின் சுவருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தனி வீட்டில் நீளக் கைப்பிடிப் பிரஷ்ஷால் தேய்த்துவிடலாம். மூன்றாவது மாடியை யாரும் தேய்க்கப் போவதில்லை. ஆகவே பெரிய கட்டடத்துக்கான கரைசல், கை படாமல், காய்வதற்குள், பத்து நிமிடத்தில் தன் வேலையை முடித்தாக வேண்டும். நான் எல்லாவற்றையும் இந்த ஒரு அளவுகோலால்தான் பார்க்கிறேன்.

முதலில் சுவரில் இருப்பது என்ன என்று பார்த்துவிடுவது நல்லது. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் பைன் மரங்கள் கொட்டும் மஞ்சள் மகரந்தத்துக்குச் சோப்புத் தண்ணீர் போதும். தரையை ஒட்டி மழைச்சாரலில் தெறித்த செம்மண் கறை இரும்பு ஆக்சைடு. அதன்மேல் எவ்வளவு பிளீச் அடித்தாலும் போகாது, ஆக்சாலிக் அமிலம் கலந்த கரைசல்தான் அதைக் கரைக்கும். மல்ச் (மண்ணை மூடப் பரப்பும் மரச்சில்லுகள்) போட்ட பாத்திகளுக்கு மேலே மிளகுத்தூள் தூவியதுபோல் ஒட்டியிருக்கும் கரும்புள்ளிகள் ஒரு வகைப் பூஞ்சை எய்த வித்துப் பொதிகள். அவற்றைச் சுவருக்குச் சேதமில்லாமல் கழற்றும் கரைசல் எதுவும் கிடையாது. ஒவ்வொன்றாகச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மல்ச்சை மாற்றிக் கூழாங்கல் போடுவதே அதற்கு வழி. இந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது பாசியும் பூஞ்சையும். போட்டியெல்லாம் அவற்றுக்காகத்தான்.

வினிகரை விரைவாக முடித்துவிடலாம். முன்பு வினைல் சைடிங் இன்ஸ்டிடியூட் என்ற பெயரில் இருந்த, வினைல் சைடிங் தயாரிப்பாளர்களின் அமைப்பே முப்பது பங்கு வெள்ளை வினிகர், எழுபது பங்கு தண்ணீர் என்ற கலவையைப் பரிந்துரைக்கிறது. அது தேய்த்துக் கழுவுவதற்கான கலவை. கடை வினிகரில் அசெட்டிக் அமிலம் 5 சதவீதம், கலந்தபின் 1.5 சதவீதம். லேசான பூஞ்சைக்கு, கைக்கெட்டும் உயரத்தில், இது நல்ல தேர்வு. நூறு கேலன் கரைசலுக்கு முப்பது கேலன் வினிகர் வாங்கி மூன்றாம் மாடிக்குப் பீய்ச்சினால், பாசி அப்படியே இருக்கும். வளாகம் முழுவதும் ஊறுகாய் வாசனை வீசும்.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம்: குளோரின் பிளீச்சா, ஆக்சிஜன் பிளீச்சா?

குளோரின் பிளீச் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட். கடையில் நாம் வாங்குவது 6 முதல் 8 சதவீதம் வரை. தொழில்முறையாகக் கழுவுபவர்கள் வாங்குவது பெரும்பாலும் 12.5 சதவீதம். சுவரில் விழ வேண்டியது இதில் எதுவுமல்ல. பாசி பிடித்த வினைலுக்கு 0.5 முதல் 1 சதவீதம் வரை இருந்தால் தாராளம். நூறு கேலன் 1 சதவீதக் கரைசலுக்கு 12.5 சதவீதச் சரக்கு எட்டே கேலன் போதும். மேலே சொன்ன அதே அமைப்பு பிடிவாதமான கறைக்குச் சொல்லும் இன்னொரு கலவையில், சோப்புத்தூளோடு ஒரு கேலன் தண்ணீருக்கு ஒரு குவார்ட் (கால் கேலன்) வீட்டு பிளீச் சேர்க்கச் சொல்கிறார்கள். கணக்குப் போட்டால் அதுவும் 1.2 முதல் 1.6 சதவீதம் வரை, அவ்வளவுதான். தயாரிப்பாளர்களின் பரிந்துரையும் கழுவுபவர்களின் வழக்கமும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்கு நம்பிக்கை தருகிறது. நீர் கலக்காத பிளீச்சை வினைலில் ஊற்றக் கூடாது என்றும் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள்.

இதன் பலம் வேகம். சோப்பு கலந்து, கீழிருந்து மேலாக அடித்து, ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டால், பச்சை நிறம் கண்ணெதிரே வெளுத்துவிடும். பிறகு தோட்டக் குழாய்க்குச் சற்று மேலான அழுத்தத்தில் நீர் அடித்தால் போதும். இந்தக் குறைந்த அழுத்தம் மிக முக்கியம். வினைல் பலகைகள் வெயிலுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்க இடம் விட்டுத் தளர்வாகத் தொங்குபவை. ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும் அந்த விளிம்புகளில் கீழிருந்து அழுத்தமாக நீர் பாய்ந்தால் அது பலகைக்குப் பின்னால் போய்ச் சேரும். மூவாயிரம் பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) இயந்திரத்தை நேராகப் பிடித்துச் சுத்தம் செய்கிறேன் என்பவரிடம் நான் சுவரைக் கொடுக்க மாட்டேன், அவர் எந்தக் கரைசல் வைத்திருந்தாலும் சரி.

பலவீனங்களும் சிறியவை அல்ல. பிளீச் செடியைக் கருக்கும், அலுமினியத்தையும் பித்தளையையும் அரிக்கும், சாயத் துணியை வெளுக்கும். மே மாதத்தில் நம் வீடுகளின் பால்கனிகளில் என்ன இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் பொத்திப் பொத்தி வளர்த்த கறிவேப்பிலையும் துளசியும் அப்போதுதான் வெளியே வந்திருக்கும். மேல்மாடிச் சுவரிலிருந்து வழியும் துளிகள் அவற்றின்மேல்தான் விழும். முதல்நாளே அறிவிப்பு ஒட்டித் தொட்டிகளை உள்ளே எடுக்கச் சொல்ல வேண்டும். நிலத்தில் நட்ட அசேலியா, கிரேப் மிர்ட்டில் போன்ற பூச்செடிகளை முன்பும் பின்பும் நன்றாக நனைக்க வேண்டும். ஏற்கெனவே நீரில் ஊறிய இலையும் மண்ணும் பிளீச்சை அதிகம் உறிஞ்சாது. பொறுப்பான குழுவினர் மிஞ்சிய குளோரினை முறிக்கச் சோடியம் தயோசல்பேட்டும் வண்டியில் வைத்திருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை இதைவிடப் பெரியது. பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கீழே செம்மண்ணுக்கு ஆக்சாலிக் அமிலம், மேலே பாசிக்கு பிளீச் என்று ஒரே நாளில் ஒரே சுவரில் வேலை வைத்துக்கொள்வது ஆபத்து. ஒன்றை முழுதாகக் கழுவி விட்டு, வேறொரு நாளில் மற்றதைச் செய்ய வேண்டும். பிளீச் நன்றாக வேலை செய்யட்டும் என்று வினிகரைக் கொஞ்சம் சேர்க்கச் சொல்லும் காணொளிகளைத் தயவுசெய்து நம்பாதீர்கள். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானையும் அதன் அருகில் கொண்டுவரக் கூடாது.

ஆக்சிஜன் பிளீச் என்பது சோடியம் பெர்கார்பனேட் தூள். நீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரிகிறது. முடிவில் மிஞ்சுவது நீர், ஆக்சிஜன், சோடா. செடிக்கும் துணிக்கும் மூக்குக்கும் குளோரினைவிட எவ்வளவோ மென்மையானது. மனத்தளவில் நானும் இதன் பக்கம்தான். ஆனால் அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சிக்கல். இது வெந்நீரில்தான் ஒழுங்காகக் கரையும். கேலனுக்கு ஆறு அவுன்ஸ் என்று வைத்தால் நூறு கேலனுக்கு 37 பவுண்டுக்கு மேல் தூளும் அத்தனை வெந்நீரும் வேண்டும். கலந்த சில மணி நேரத்தில் வீரியம் போய்விடும் என்பதால் காலையில் கலந்ததை மாலைக்கு வைக்க முடியாது. சுவர் கால் மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். கரோலினா வெயிலில் செங்குத்தான வினைலில் அது நடக்காது, திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். காய்ந்துவிட்டால் ஜன்னல் கண்ணாடியில் சோடா வெள்ளையாகப் படியும். எல்லாம் முடிந்த பிறகும் தடித்த பாசிக்குப் பிரஷ் தேவைப்படும்.

ஆனாலும் இதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. குளத்தை ஒட்டிய கட்டடம், காய்கறித் தோட்டத்தை ஒட்டிய சுவர், கைக்கு எட்டும் தரைத்தளம், கூடுதல் ஆள்கூலி கொடுக்கத் தயாராக இருக்கும் சங்கம் என்றால் இதையே சொல்வேன்.

மூன்றாவது வகை, அடித்துவிட்டு அப்படியே விட்டுவிடும் கரைசல்கள். குவாட்டர்னரி அமோனியம் சேர்மங்கள், பெரும்பாலும் பென்சல்கோனியம் குளோரைட். கழுவவே தேவையில்லை, மழை பார்த்துக்கொள்ளும் என்று விற்கிறார்கள். பாசியைக் கொல்வது உண்மை. ஆனால் நிறம் போக வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். வீடு விற்கப் பலகை நட்டிருப்பவர் அதுவரை பொறுக்க மாட்டார். மீன்களுக்கும் சிறு நீர்வாழ் உயிர்களுக்கும் இது கொடிய நஞ்சு. கழுவாமல் விடுகிற ஒன்று கடைசியில் மழையோடு எங்கே போகும் என்ற கேள்வி எனக்கு உறுத்துகிறது. சாதாரண சோப்போடு கலந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். பாசியைக் கொல்லும் என்று சொல்லி விற்கும் பொருளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பதிவு எண் வேண்டும். லேபிளில் அது இல்லாவிட்டால் வாங்காதீர்கள். ஏற்கெனவே கழுவிய சுவரில் பாசி திரும்ப வருவதைத் தள்ளிப்போட இது உதவலாம். கழுவலுக்கு மாற்றாக நான் ஏற்கமாட்டேன்.

எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிகளைப் பற்றியும் ஒரு சொல். பழைய வினைலின் மேற்பரப்பு வெயிலில் சிதைந்து வெண்பொடியாக நிற்கும். விரலால் தடவினால் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட சுவரில் கரைப்பான் கலந்த வீரியமான நீக்கியை அடித்தால் அந்தப் பொடி ஓரிடத்தில் போய் ஓரிடத்தில் நிற்கும். சுவர் முழுக்கக் கோடு கோடாகத் தெரியும். அதைத் திருப்ப முடியாது. ஆகவே எந்தக் கரைசலுக்கும் முன்னால் விரல் சோதனையைச் செய்துவிட வேண்டும். பொடி வந்தால் பிரஷ்ஷும் வேண்டாம், நீக்கியும் வேண்டாம். நீர்த்த பிளீச்சும் மெதுவான நீரும் மட்டும்.

கழுவிய நீர் எங்கே போகிறது என்பதைக் கூட்டங்களில் யாரும் கேட்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். சாலையோர மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. மோரிஸ்வில், கேரி பகுதிகளின் பல இடங்களில் அது கிராப்ட்ரீ ஓடைக்கும், அங்கிருந்து நியூஸ் ஆற்றுக்கும் போகிறது. 1972 தூய நீர்ச் சட்டத்தின்கீழ் கழுவுநீரை அப்படி வடிகாலில் விட அனுமதி இல்லை. புல்வெளிப் பக்கம் திருப்பிவிட்டால் மண்ணிலுள்ள கரிமப் பொருள்களே மிஞ்சிய குளோரினைத் தீர்த்துவிடும். சுவரை ஒட்டி நேராகத் தார்த்தளம் இருக்கும் இடங்களில் வடிகால் வாயை மூடி நீரைச் சேகரிக்க வேண்டும். பாஸ்பேட் கலந்த சோப்புத்தூளும் வேண்டாம். நைட்ரஜனாலும் பாஸ்பரஸாலும் பாசி பெருகி அவதிப்படும் ஆறு அது.

ஆகவே என் வாக்கு இப்படி: மேல்மாடிகளுக்கும் வடக்குச் சுவர்களுக்கும் 1 சதவீதத்தைத் தாண்டாத ஹைப்போகுளோரைட், சோப்போடு, குறைந்த அழுத்தத்தில். குளத்தோரத் தரைத்தளத்துக்கு மட்டும் பெர்கார்பனேட், பிரஷ்ஷோடு. மகரந்தம் கொட்டி முடிந்த மே மாதத்தில், மேகமூட்டமான நாளில்.

விலைப்புள்ளி கேட்கும்போது நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: சுவரில் விழும் செறிவு எத்தனை சதவீதம், நீர் என்ன அழுத்தத்தில் வரும், செடிகளுக்கு என்ன காப்பு, கழுவுநீர் எங்கே போகும். முதல் கேள்விக்கு 12.5 என்று பதில் வந்தால் அது டிரம்மில் இருப்பதன் அளவு. சுவரில் விழுவது எவ்வளவு என்று மறுபடி கேளுங்கள். பழைய டிரம் வெயிலில் நின்றிருந்தால் 12.5 என்பதும் உண்மையாக இராது. ஒப்பந்தம் போடுமுன் கட்டடத்தின் பின்புறம், அதிகம் பச்சை பிடித்த மூலையில், ஒரு சிறு பகுதியை அடித்துக் காட்டச் சொல்லி, காய்ந்த பிறகு போய்ப் பாருங்கள்.